திரும்ப எடுக்க முடிந்ததா? என் பேக்கப் சாதனங்களுக்கு நான் போடும் மார்க்

எஃப் என்ற எழுத்து, அதற்குப் பின்னால் எட்டு இலக்கத்தில் ஓர் எண். இப்படிப் பெயர் வைத்த ஃபைல்கள் என்னிடம் 60,000-க்குப் பக்கம் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றுக்கெல்லாம் ஒழுங்கான பெயர் இருந்தது. ‘அட்டை_இறுதி’, ‘அட்டை_இறுதி_2’, ‘அட்டை_நிஜமாகவே_இறுதி’ என்று. புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில். 12 வருஷ வேலையைச் சுமந்துகொண்டிருந்த 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை ஒரு நாள் காலையில் செருகினேன். சுழலத் தொடங்கியது, நாலைந்து தடவை டிக் டிக் என்றது, நின்றுபோனது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. முந்தின நாள் இரவு வரை நன்றாகத்தான் இருந்தது.

டேட்டா மீட்டுத் தருபவரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “கோளாறு ஆனதுக்கு அப்புறம் எத்தனை தடவை மேடம் ஆன் பண்ணிப் பார்த்தீங்க?” பதினைந்து இருபது தடவை இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகுதான் புரிந்தது. டிஸ்க் ஓடும்போது படிக்கும் ஹெட், தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. பழுதான ஹெட்டை ஒவ்வொரு தடவை ஓடவிடும்போதும் அது தட்டைக் கீறிவிட வாய்ப்பு உண்டு. டிக் சத்தம் கேட்டால் உடனே பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நான் நம்பிக்கையோடு மறுபடி மறுபடி செருகிக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலானதை மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று டிஸ்க் எழுதி வைத்திருக்கும் அட்டவணை சிதைந்துபோயிருந்தது. அந்த நிலையில் மீட்பு மென்பொருள் டிஸ்க்கின் சின்னஞ்சிறு பிரிவுகளான செக்டர்களை ஒவ்வொன்றாகப் படித்து, இது படம் போலத் தொடங்குகிறது, இது பிடிஎஃப் போலத் தொடங்குகிறது என்று தலைப்பகுதியின் சாயலை வைத்துத்தான் ஃபைலைப் பிரித்தெடுக்கும். பெயர் அதற்குத் தெரியாது. எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த எண்ணையே பெயராகச் சூட்டிவிடும். அந்த 60,000 பிள்ளைகளும் அப்படி வந்தவைதான்.

“பேக்கப் வச்சிருக்கலையா?” என்று கேட்காத ஆள் இல்லை. அதுதான் பேக்கப் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அந்த டிஸ்க்குக்குக் காப்பி செய்தேன். காப்பி முடிந்ததும் லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன். அழித்த அந்த நொடியிலிருந்து அது ஒரே பிரதி. பெயர் மட்டும் பேக்கப்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். மார்க் போட என்னிடம் ஒரே அளவுகோல்தான்: போட்டதைத் திரும்ப எடுத்தபோது என்ன ஆனது? எழுதும் வேகம், அழகான உறை, கூடவே இலவசமாக வரும் மென்பொருள், இதற்கெல்லாம் மார்க் கிடையாது.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் வாங்குவது அதுதானே. 10-க்கு 6. கையடக்கம், தனி மின்சாரம் வேண்டாம், ஒரு டிபிக்கு ஆகும் செலவும், சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி.யை விடக் குறைவு. ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பல மாடல்களில் யு.எஸ்.பி. முனை டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முனை ஆட்டம் கண்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு உறையில் போட்டுப் படிக்க முடியாது, ஏனென்றால் உள்ளே, டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான சாட்டா முனையே இருக்காது. சிலவற்றில் உறையில் உள்ள சிப் தானாகவே டேட்டாவை என்கிரிப்ட் செய்தே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே எழுதும். பாஸ்வேர்டு நீங்கள் வைக்காவிட்டாலும்கூட. அந்த சிப் போனால் டிஸ்க் நல்லபடியாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்று எஸ்.எம்.ஆர். என்ற எழுதும் முறை. ஓட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்காருமே, அதுபோல டிராக்குகளை, அதாவது தட்டில் டேட்டா எழுதும் வட்டத் தடங்களை, ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஏறியிருக்கும் மற்றவற்றையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்களாக 700 ஜிபியை ஏற்றியபோது முதலில் விநாடிக்கு 120 எம்பி என்று பறந்தது. கொஞ்ச நேரத்தில் 15 எம்பிக்கு இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டது. பழுது என்று பயந்து நிறுத்தப் போனேன். அதன் சுபாவமே அதுதான். மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க இது போதும், பொறுமைதான் வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு பெட்டியில் இதைப் போடாதீர்கள். நாஸ் பெட்டிகளுக்கென்று (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி) விற்ற சில டிஸ்க்குகளில் இந்த முறை இருந்ததை வெளியே சொல்லாமல் விற்றது 2020-இல் பெரிய சர்ச்சையானது. இப்போது மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் இப்போது முக்கியமாக நம்புவது 3.5 அங்குல மேஜை ஹார்ட் டிஸ்க்கையும், அதைச் செருகும் ஒரு டாக்கையும். 10-க்கு 8. டாக் பழுதானால் வேறு டாக், அவ்வளவுதான். டிஸ்க்கில் சாட்டா முனை நேரடியாக இருக்கிறது, எந்தக் கணினியிலும் படிக்கலாம். எடை அதிகம், அதிர்ச்சி தாங்காது. முதல் டிஸ்க்கைப் பஞ்சுறையில் சுற்றி அக்கா வீட்டில் கொடுத்தபோது, “இது என்னடி, செங்கல்லா?” என்றாள்.

டிஸ்க் வாங்கியதும் நான் டேட்டா போடுவதில்லை. முதலில் முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பார்க்கும் சோதனை. 8 டிபிக்கு ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். பிறகு ஸ்மார்ட் என்கிற தன்னறிக்கையைப் பார்ப்பேன். அதில் முப்பது வரி இருந்தாலும் நான் பார்ப்பது மூன்று: 5, 197, 198. ஐந்தாவது, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் சந்தேகப் பட்டியலில் நிற்பவை. 198, கைவிடப்பட்டவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்த அறிக்கையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் இந்த மதிப்புகளை முதலில் பதினாறடிமான எண்ணில்தான் காட்டும். அது தெரியாமல், டிஸ்க் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து நான் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அமைப்பில் போய் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கம் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது வருஷம் ஒரு மாதச் சோதனையில் 197-இல் 8 என்று வந்தது. ஏன் சரியாக எட்டு? இன்றைய டிஸ்க்குகளில் நிஜமான செக்டர் 4,096 பைட். கணக்கு மட்டும் பழைய 512 பைட்டில் நடக்கிறது. ஆக ஒரே ஒரு செக்டர் கெட்டால் எட்டு என்று காட்டும். ஒன்றுதானே என்று விட்டிருக்கலாம். டிக் சத்தம் காதில் இன்னும் இருந்ததால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்றே வாரத்தில் அந்த எண் 600-ஐத் தாண்டியது. எல்லா டிஸ்க்கும் இப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சாவதில்லை. என் முதல் டிஸ்க் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எஸ்.எஸ்.டி. பற்றித்தான் நண்பர்களோடு அதிகம் சண்டை. “ஓடும் பாகமே கிடையாது, அதனால் கெடாது” என்பார்கள். தினசரி வேலைக்கும், பையில் போட்டு எடுத்துப் போகவும் அதற்கு 9 கொடுப்பேன். அலமாரியில் பூட்டி வைக்கும் பேக்கப்புக்கு 4. காரணம் உள்ளே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது காந்தத்தில். எஸ்.எஸ்.டி.யில் எழுதுவது சின்னஞ்சிறு அறைகளில் அடைத்து வைக்கும் மின்னேற்றத்தில். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். விலை குறைந்த கியூ.எல்.சி. வகையில் ஓர் அறைக்குள் 4 பிட், அதாவது 16 வெவ்வேறு அளவு மின்னேற்றத்தைப் பிரித்தறிய வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் ஒன்று இன்னொன்றாகத் தெரியும். சிப் துறைக்குத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம், வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. தன் எழுதும் ஆயுளை முடித்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு டேட்டாவைக் காக்க வேண்டும் என்கிறது. தேய்ந்த டிரைவுக்கான கணக்கு அது, புதியது அதைவிட நெடுநாள் தாங்கும். நான் 14 மாதம் இழுப்பறையில் போட்டு வைத்த ஒன்று ஒரு பைட் மாறாமல் திரும்பி வந்தது. ஆனாலும் அறை வெப்பம் ஏற ஏறக் கசிவு கூடும் என்று தெரிந்தபின் அதை நம்பித் தூங்க எனக்கு முடியவில்லை. தவிர, கன்ட்ரோலர் சிப் போய்விட்டால் டிக் சத்தம்கூட வராது. கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பென் டிரைவ்: 10-க்கு 0. கோபத்தோடுதான் போடுகிறேன். 512 ஜிபி என்று மேலே அச்சடித்த ஒன்று. 200 ஜிபி ஸ்கேன்களைக் காப்பி செய்தேன். பிழைச் செய்தியே இல்லை, ஃபைல் பெயர் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது, அளவும் சரி. திறந்து பார்த்தால் முதல் சில ஃபோல்டர்களில் மட்டும் படம், மற்றதெல்லாம் வெறும் பூஜ்யம். உள்ளே இருந்தது 32 ஜிபி சிப். கணினியிடம் 512 என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 இரண்டும் இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே இருக்கும் இலவசக் கருவிகள். மெமரி கார்டு வாங்கினாலும் முதலில் இதை ஓட்டுங்கள். (1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுமே, அது மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.)

டிவிடி போன்ற ஒளித்தட்டில் எழுதும் பழைய வழக்கத்தை நான் முழுதாக விடவில்லை. 2009 வாக்கில் எழுதி வைத்த டிவிடிகள் 31 இருந்தன, ஒவ்வொன்றும் 4.7 ஜிபி. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நாலு படிக்கவில்லை. அந்த நாலிலும் மேலே நான் ஆசையாக ஒட்டிய வட்ட ஸ்டிக்கர். ஸ்டிக்கர் காரணமா, தற்செயலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போது எம்-டிஸ்க் வகை ப்ளூரேயில், முடிந்த புத்தகங்களை மட்டும் எழுதுகிறேன். சாதாரண டிவிடியில் ஒளி பட்டால் மங்கும் கரிமச் சாயம், இதில் கரிமமற்ற அடுக்கு. ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்த நிறுவனமே 2016-இல் திவாலானது என்பது வேறு கதை. இதற்கு நான் 6 கொடுப்பதற்குக் காரணம் ஆயுள் அல்ல. ஒருமுறை எழுதிவிட்டால் வைரஸோ, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரோ, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நானோ அதை மாற்ற முடியாது. மார்க் குறைவதற்குக் காரணம், படிக்கும் டிரைவ் கணினிகளிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 27 நல்ல டிவிடிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இன்னொன்று. பைட் பைட்டாக அப்படியே வந்த ஒரு பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைலைப் பழைய கணினியில் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகப் புழுப்போல நெளிந்தது. தமிழ்ப் பக்க வடிவமைப்பில், எல்லா எழுத்துருவுக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு பரவாத காலம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். எழுத்துரு ஃபைலை நான் எடுத்து வைக்கவில்லை. டேட்டா இருந்தது, தமிழ் இல்லை. அன்றிலிருந்து எந்த வேலையை மூட்டை கட்டினாலும் உள்ளே எழுத்துருக்கள், ஒரு பிடிஎஃப், யூனிகோடில் வெறும் உரை, மூன்றும் போகும்.

காந்த டேப் பற்றி ஒரு வரி. 2011 பிப்ரவரி இறுதியில் ஒரு மென்பொருள் பிழையால் சில ஜிமெயில் கணக்குகள் காலியானபோது கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான், ஆகவே பழைய சரக்கு என்று சிரிக்காதீர்கள். ஆனால் டிரைவின் விலையில் ஒரு அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம். தனி ஆளுக்கு ஒத்துவராது.

நாஸ் பெட்டியை ஒரு வருஷம் வைத்திருந்து விற்றுவிட்டேன். அதில் குறையில்லை. இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுகிறதே, அதுவே பேக்கப் என்று மனம் மறுபடி சோம்பத் தொடங்கியது. ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

இதே தவறைத்தான் கிளவுட்டிலும் முதலில் செய்தேன். லேப்டாப் ஃபோல்டரைத் தானாகவே மேலே ஏற்றும் சேவை. அது ஒத்திசைவு, அதாவது ஓரிடத்தில் மாறினால் எல்லா இடத்திலும் மாறும்; பேக்கப் என்று நினைத்தது என் பிழை. என் கணக்கைத் திறந்து வைத்திருந்த டேப்லெட்டை அக்கா மகன் கேம் விளையாட வாங்கினான். “சித்தி, இடம் இல்லைன்னு சொல்லுச்சு, வேண்டாததை அழிச்சுட்டேன்” என்றான். அவன் வேண்டாதது என்று நினைத்தது என் கணினியிலிருந்தும் போய்விட்டது. நல்லவேளை, அந்தச் சேவையின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருந்தது, நான் கவனித்தது 26-ஆவது நாள். ஒத்திசைவுக்கு 3.

பேக்கப்புக்கென்றே இருக்கும் கிளவுட் வேறு ரகம். ரெஸ்டிக் என்ற திறந்தமூல மென்பொருள் வழியாக, வாடகை இடத்தில் வைக்கிறேன். என் கணினியிலேயே என்கிரிப்ட் செய்து அனுப்பும், நேற்றைய நிலை, போன மாத நிலை என்று தனித்தனியாக வைத்திருக்கும், மாறாத பகுதியை மறுபடி அனுப்பாது. 10-க்கு 8. முதல் தடவைதான் உயிர் போகும். என் அப்லோடு வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். 1 டிபிக்கு இடைவிடாமல் ஓடினாலே நாலரை நாளுக்கு மேல். என்னிடம் இருந்தது 1.4 டிபி, இரவில் மட்டும் ஓடவிட்டேன், 20 இரவு ஆனது. பாஸ்வேர்டு போனால் யாராலும் திறக்க முடியாது, சேவைக்காரராலும்தான். ஆகவே அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன், இன்னொரு காகிதம் அக்காவிடம். குளிர்சேமிப்பு என்று மலிவாக விற்கும் வகையில் ஏமாறாதீர்கள். வைக்கக் காசு குறைவு; எடுக்கத் தனிக் கட்டணம், சிலவற்றில் மணிக்கணக்கில் காத்திருப்பு, குறைந்தபட்ச மாதங்களுக்கான வாடகை எல்லாம் உண்டு.

கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் கிளவுட் நிறுவனமான ஓ.வி.ஹெச்.-இன் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே போயிற்று. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். எனக்கு அது லேப்டாப், மேஜை ஹார்ட் டிஸ்க், கிளவுட். போனஸாக அக்கா வீட்டுச் செங்கல். மாதம் ஒருமுறை போகும்போது இங்கிருப்பதைக் கொடுத்து அங்கிருப்பதை வாங்கி வருவேன். செருகாமல் கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் தொட முடியாது என்பது கூடுதல் நிம்மதி.

இவ்வளவு செய்தும் ஏழு மாதம் ஏமாந்தேன். ஸ்கேன் ஃபோல்டரை டி டிரைவிலிருந்து இ டிரைவுக்கு மாற்றியிருந்தேன், பேக்கப் அமைப்பில் மாற்ற மறந்துவிட்டேன். மென்பொருள் தினமும் இரவு காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, ‘மாறிய ஃபைல்கள் 0, வெற்றி’ என்று பச்சை நிறத்தில் எழுதிக்கொண்டிருந்தது. நானும் பச்சையைப் பார்த்துத் திருப்தியோடு தூங்கினேன். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவர்களுக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்?

இப்போது மாத முதல் ஞாயிற்றுக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு மூன்று ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று இடத்திலிருந்தும் புதிய ஃபோல்டருக்கு இறக்குவேன். ஃபைலின் கைரேகை போன்ற எஸ்.ஹெச்.ஏ.-256 ஹாஷ் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, திறந்தும் பார்ப்பேன். அரை மணி நேர வேலை. ஸ்கேன் ஃபோல்டர் அப்படித்தான் பிடிபட்டது.

பெயரில்லாத அந்த 60,000-இல் இதுவரை 4,300-க்குப் பெயர் வைத்திருக்கிறேன். அக்கா வீட்டு டிஸ்க்குக்கு வயது ஐந்து முடிந்துவிட்டது, அறிக்கையில் மூன்று எண்ணும் பூஜ்யம்தான், இருந்தாலும் மாற்றிவிடப் போகிறேன். புதியது இப்போது மேஜையில் எழுத்துச் சோதனையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 62 சதவீதம், பிழை 0.